“விளங்கிச்சா?” என்று கேட்காதீங்க

மருந்து கொடுக்கும் ஜன்னலில் நாள் முழுக்கக் காதில் விழும் கேள்வி இது. பதில் எப்போதும் ஒரு தலையாட்டல். பின்னால் வரிசை நீளுது, உள்ளே இருப்பவருக்கு அரைகுறைத் தமிழ், வெளியே நிற்கும் அம்மாவுக்கு அரைகுறைச் சிங்களம், தோட்டத்துக்குப் போகிற பஸ்ஸை வேற பிடிக்கணும். இதில் யார் “விளங்கல்ல” என்று சொல்லப்போறாங்க?

மலையக ஆஸ்பத்திரி என்றாலே கட்டடம், கட்டில், டொக்டர் இல்லை என்றுதான் பேச்சு போகும். அதெல்லாம் வேண்டியதுதான். 2017இல் ஹட்டன் பக்கத்து டிக்கோயாவில் 150 கட்டில்களோடு புதுக் கட்டடம் வந்தது, இப்போது 1990 என்ற நம்பருக்கு அடித்தால் ஆம்புலன்ஸ் வருது. ஆனால் ஆமா, இல்ல என்று முடிகிற கேள்வியை வைத்துக்கொண்டு எந்தக் கட்டடத்திலும் நோயாளியைக் காப்பாற்ற முடியாது.

சீனி வியாதிக்குக் கொடுக்கும் கிளிக்லசைட்டையே எடுங்க. உறையில் “காலை 1” என்று இருக்கும், அதுவும் பெரும்பாலும் சிங்களத்தில். கொழுந்துக்குப் போறவங்களுக்குக் காலை என்றால் ஐந்து மணி. வெறுந்தேத்தண்ணியோடு மாத்திரையைப் போட்டுவிட்டு பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) ஓடுவாங்க, ரொட்டியைப் பிரிக்கப் பத்து மணி ஆகும். அதற்குள் சீனி இறங்கி வியர்த்து, கை நடுங்கி, சரிவில் தலை சுற்றி விழுந்தால் “பித்தம்” என்பாங்க. (உடனே நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் கொடுக்கணும், நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.) “காலை 1” என்பதற்குப் பதிலாக “காலைச் சாப்பாட்டோடு” என்று எழுதியிருந்தால் போதும்.

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் இன்னும் மோசம். அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் குடித்தால் வாயெல்லாம் புண்ணாகும், எலும்பு மச்சையில் இரத்தம் உற்பத்தியாவதே குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். உறையில் கிழமையின் பெயரை எழுதியே ஆகணும்: “திங்கட்கிழமை மட்டும்”. பிறகு கம்பனி மாறினால் மாத்திரையின் நிறமும் மாறும். போன மாதம் மிஞ்சிய வெள்ளையையும் இந்த மாத மஞ்சளையும் சேர்த்துப் போடுகிறவங்க நிறையப் பேர்.

வார்டிலும் இதே கதைதான். “நீங்க லெட்சுமியா?” என்றால் காது கேட்காத பாட்டியும் தலையாட்டும். ஒரே வார்டில் ரெண்டு லெட்சுமி இருப்பது மலையகத்தில் அதிசயமா? பெயரை அவங்க வாயாலேயே சொல்லவைத்து, வார்டு டிக்கெட் நம்பரோடு ஒத்துப் பார்க்கணும். இரத்தம் ஏற்றும்போது இதை ரெண்டு பேர், கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று செய்யணும். மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு வருவது கணக்கில் சேராது. முதல் 15 நிமிடம் நோயாளியை விட்டு நகரவும் கூடாது.

“அலர்ஜி இருக்கா?” என்பதும் வீண் கேள்வி. “முன்னே எந்த ஊசிக்காவது, மாத்திரைக்காவது உடம்பு தடிச்சு அரிச்சதா? மூச்சு முட்டிச்சா? அப்போ என்ன நடந்துச்சு?” என்று கேளுங்க.

சரி, ஜன்னலில் என்ன செய்யலாம்? “வீட்டுக்குப் போய் இதை எப்படிக் குடிப்பீங்க? நான் ஒழுங்காச் சொன்னேனான்னு பாக்கணும்” என்று கேட்டால் தப்பு நோயாளி தலையில் விழாது. அரை நிமிட வேலை. அத்தனை பேரிடமும் கேட்க நேரமில்லை என்பது உண்மைதான், அதனால் இன்சுலின், சீனி மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்பரின், மெத்தோட்ரெக்சேட், பிள்ளைகளின் பாணி மருந்து, இதற்காவது கேளுங்க. பாணி என்றால் மில்லிலீட்டர் கோடு போட்ட மூடியோ சிரிஞ்சோ கையில் கொடுக்கணும். வீட்டுக் கரண்டிகள் ஒன்றுபோல இருக்காது.

மொழிபெயர்க்க எட்டு வயதுப் பிள்ளையைப் பிடிக்கிற பழக்கமும் போகணும். தமிழ் தெரிந்த அட்டெண்டன் பக்கத்தில் இருப்பது நல்லதுதான், ஆனால் ஒப்பரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போது அவர் சுருக்கிச் சொல்லும் ரெண்டு வரி போதாது. 1987இன் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரச மொழி, நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் தமிழ் ஆட்கள். விளங்குகிற மொழியில் படிவம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

கிளினிக் போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. கிளினிக் கொப்பியை மட்டும் கொண்டுபோகாதீங்க. வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும், டவுனில் வாங்கியது, நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துப்போங்க. உறையில் எழுதியது வாசிக்கத் தெரியாவிட்டால் சூரியன், நிலா, சாப்பாட்டுக் கோப்பை வரைந்து தரச் சொல்லுங்க. மிஸ்ஸி (நர்ஸ்) முகத்தைச் சுளித்தாலும் வாங்காமல் ஜன்னலை விட்டு நகராதீங்க.