பூட்டுப் படம் வந்தால் கேமை டெலீட் செய்யாதீர்கள்

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் மாதிரி கேம் கன்சோலில் கேம் படத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு பூட்டு வந்துவிட்டால், நம் ஆட்கள் முதலில் கை வைப்பது டெலீட்டில்தான். அப்புறம் மறுபடி டவுன்லோடு. 90 ஜிபி, 100 ஜிபி. ராத்திரி முழுக்க ஓடவிட்டுக் காலையில் பார்த்தால் அதே பூட்டு. கேம் கெட்டுப்போகவில்லை என்பதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு நாள் டேட்டா மிச்சம்.

கேம் ஃபைல் வேறு, அதை ஓட்டும் அனுமதி வேறு. எந்த அக்கவுண்ட் காசு கொடுத்தது, அந்த அக்கவுண்டுக்கு எது சொந்த மெஷின் என்ற கணக்கு கம்பெனியின் சர்வரில் இருக்கிறது. நம் கன்சோல் அதில் ஒரு நகலை வைத்துக்கொண்டு வாயிற்காவலன் வேலை பார்க்கிறது. காவலனிடம் இருக்கும் பட்டியல் பழசாகிவிட்டால் வீட்டுக்காரனையே உள்ளே விடமாட்டான்.

போன மாதம் அக்கா மகன் போன் செய்து, "மாமா, கேம் கரப்ட் ஆயிடுச்சு" என்றான். கேம் யார் அக்கவுண்டில் வாங்கியது என்று கேட்டேன். அண்ணன் அக்கவுண்டாம். அண்ணன் எங்கே? பெங்களூரு ஹாஸ்டலில், புதுக் கன்சோலோடு. அங்கே முதல் தடவை லாகின் செய்தபோது 'இதையே உங்கள் சொந்தக் கன்சோலாக வைக்கலாமா' என்ற மாதிரி ஏதோ கேட்டிருக்கிறது. அவனும் ஆமாம் என்று அழுத்திவிட்டான். அத்தோடு வீட்டிலிருந்த கன்சோலின் உரிமை போய்விட்டது. தம்பி தன் பெயரில் உள்ளே போனால் பூட்டு; அண்ணன் அக்கவுண்டில் போனால் இணையம் இருக்கும்வரை கேம் ஓடும். இதில் ரிப்பேர் பார்க்க ஒன்றுமே இல்லை, அண்ணன் தம்பி பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

பிளேஸ்டேஷன் 4-இல் இதற்குப் பெயர் 'பிரைமரி'. 5-இல் 'கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே'. எக்ஸ்பாக்ஸில் 'ஹோம் எக்ஸ்பாக்ஸ்'. எக்ஸ்பாக்ஸில் அதை வருடத்துக்கு 5 தடவைதான் மாற்ற முடியும், விளையாட்டாக மாற்றிக்கொண்டிருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். இந்த செட்டிங் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சரியாக இருந்தும் பூட்டு போகவில்லை என்றால், பிளேஸ்டேஷனில் 'ரீஸ்டோர் லைசென்ஸஸ்' என்று ஒன்று உண்டு. 4-இல் அக்கவுண்ட் மேனேஜ்மென்ட்டுக்குள், 5-இல் யூசர்ஸ் அண்ட் அக்கவுண்ட்ஸில் 'அதர்' என்பதற்குள். வாங்கிய அக்கவுண்டில் நுழைந்து அதை அழுத்தினால் காவலனின் பட்டியல் புதுப்பிக்கப்படும். நீங்கள் விளையாடிச் சேமித்து வைத்த சேவ் ஃபைலுக்கு எதுவும் ஆகாது.

சந்தா முடிந்துபோனாலும் இதே பூட்டுதான் வரும். பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவில் மாதாமாதம் எடுத்து வைத்த கேம்கள் சந்தா இருக்கும்வரைதான் நம்முடையவை. புதுப்பித்தால் திரும்ப வந்துவிடும். கார்டு காலாவதியாகிப் பணம் பிடிக்க முடியாமல் போயிருக்கும், நாம் கன்சோலைத் திட்டிக்கொண்டிருப்போம்.

இன்னொன்று ரீஜன், அதாவது எந்த நாட்டுக்கான கேம் என்பது. வெளிநாட்டு டிஸ்க்கை வாங்கிவிட்டு, கூடுதல் பகுதியை இந்திய ஸ்டோரில் வாங்கினால் இரண்டும் சேராமல் போகலாம். காசு போனது போனதுதான்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது 'பிரைமரி அக்கவுண்ட்' வியாபாரத்தைப் பார்த்தால்தான். 4,000 ரூபாய் கேமை ஆயிரத்து சொச்சத்துக்குத் தருகிறேன் என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம். ஒரே அக்கவுண்டைப் பிரைமரி (சொந்தக் கன்சோல் உரிமை) ஒருவருக்கு, செகண்டரி (அந்த அக்கவுண்டில் நுழைந்து இணையத்தோடு மட்டும் ஆடுவது) ஒருவருக்கு என்று பிரித்து விற்கிறார்கள். விற்றவர் வெப்சைட்டில் போய் எல்லா மெஷினையும் ஒரே அடியாக நீக்கிவிடலாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்த வசதி அவருக்கு உண்டு. மறுநாள் உங்கள் திரையில் பூட்டு. கம்பெனியிடம் போனால் அக்கவுண்ட் உங்களுடையது இல்லை என்பார்கள், அது சரிதானே? விலை கட்டுப்படியாகாமல்தான் இதற்குப் போகிறார்கள், புரிகிறது. ஆனால் அந்த ஆயிரம் ரூபாய் வாடகைதான், விலை இல்லை. அப்படி நினைத்துக்கொண்டு கொடுப்பதானால் கொடுங்கள்.

சரி, கம்பெனிகள் மட்டும் யோக்கியமா? எக்ஸ்பாக்ஸில் 0x803f8001 என்று ஒரு பிழை வரும். 'இந்த கேம் உங்களுக்குச் சொந்தமா?' என்று நம்மையே கேட்கும். யார் அக்கவுண்டில் இருக்கிறது, எந்த மெஷினுக்கு உரிமை என்று நேராகச் சொன்னால் என்ன? 2022 மே மாதம் எக்ஸ்பாக்ஸ் சர்வர் படுத்தபோது, காசு கொடுத்து டிஜிட்டலாக வாங்கிய கேம்களைக்கூடப் பலரால் திறக்க முடியவில்லை. பிளேஸ்டேஷன் 4-இல் இன்னும் மோசமான ஒன்று இருந்தது. மதர்போர்டில் ஒரு சின்ன வட்ட பேட்டரி, கடிகாரத்துக்காக. அது செத்துப்போய், சர்வரையும் தொட முடியவில்லை என்றால் டிஜிட்டல் கேம் ஓடாது. பழைய கன்சோல்களைச் சேர்த்து வைப்பவர்கள் விடாமல் சத்தம் போட்ட பிறகு, 2021 செப்டம்பரில் வந்த 9.00 அப்டேட்டில் அது தீர்ந்தது. ஒரு அப்டேட்டில் தீரக்கூடிய விஷயத்துக்கு 2013-இல் வந்த மெஷின் அத்தனை வருடம் காத்திருந்தது!

கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரியிலிருந்து ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது: டிஜிட்டல் பொருளை 'வாங்கு' என்று விற்பதானால், கிடைப்பது லைசென்ஸ்தான் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இங்கும் அப்படி ஒன்று வந்தால் பூட்டு போகாது, ஏமாந்தோம் என்ற எரிச்சலாவது குறையும்.

அதுவரைக்கும் என் வழி இதுதான்: திரும்பத் திரும்ப விளையாடப்போகும் கேம் என்றால் டிஸ்க், ஒரு தடவை முடித்துவிட்டு மறந்துவிடுவேன் என்றால் டிஜிட்டல் தள்ளுபடி. டிஸ்க்கிலும் சிலதில் பாதி கேம்தான் இருக்கும், அட்டையில் டவுன்லோடு தேவை என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். கடையிலேயே திருப்பிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.