தண்ணீர் குடித்ததால் வருவதல்ல

"தாய் தண்ணீர் அதிகம் குடித்ததால்தான் வயிற்றுக் குழந்தைக்கு நீர் கோத்தது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. கருவின் வயிறு, நுரையீரலைச் சுற்றி, இதயத்தைச் சுற்றி, தோலடி ஆகியவற்றில் இரண்டு இடங்களிலாவது நீர் சேர்வதையே ஹைட்ராப்ஸ் என்கிறார்கள். இதயக் கோளாறு, குரோமோசோம் பிழை, பார்வோ பி19 வைரஸ், ஆர்எச் பொருந்தாமை (தாயின் ரத்த வகையும் கருவின் ரத்த வகையும் ஒத்துப்போகாதது) எனக் காரணங்கள் பல, தாயின் தண்ணீர்ச் செம்புக்கு அதில் இடமே இல்லை (பழி மட்டும் ஏனோ அவள் தலையில்!). இவற்றில் சில, கருவுக்கு ரத்தசோகையை உண்டாக்கி, அதன் வழியே நீர் கோக்கச் செய்கின்றன. கருவுக்கு ரத்தசோகையா என்பதை, அதன் மூளைத் தமனியில் ரத்தம் பாயும் வேகத்தை டாப்ளர் எனும் ரத்த ஓட்ட ஸ்கேனில் அளந்து கணிக்கிறார்கள். ஆம் என்றால், ஸ்கேனில் பார்த்தபடியே தொப்புள்கொடியின் சிரைக்குள் மெல்லிய ஊசி செலுத்தி ரத்தம் ஏற்றுகிறார்கள். எல்லாக் குழந்தைகளும் பிழைப்பதில்லை, உண்மைதான். ஆனால் பார்வோ வைரஸால் வந்த ரத்தசோகையில், ரத்தம் ஏற்றியபின் நீர் வடிந்து நலமாகப் பிறந்த குழந்தைகள் உண்டு.