இரு குத்துவாள் நாணயத்தில் இருப்பது சீசரின் முகம் அன்று

இரண்டு குத்துவாள்கள் பொறித்த ரோமானியப் பொற்காசு, ரோமின் சர்வாதிகாரி ஜூலியஸ் சீசர் கொலையுண்ட சில நாட்களில் ரோம் நகரில் அச்சிடப்பட்டது என்றும், அதன் முகப்பில் உள்ளது சீசரின் உருவம் என்றும், வாள்களுக்கு நடுவில் இருப்பது படைவீரரின் தலைக்கவசம் என்றும் எழுதப்படுவதுண்டு. இம்மூன்றும் தவறு.

கொலை நடந்தது கி.மு. 44 மார்ச் 15 அன்று. காசு வெளிவந்ததோ கி.மு. 42-இல். ரோமை விட்டு வெளியேறி, கிழக்கு மாகாணங்களில் படை திரட்டிய புரூட்டஸ் (சீசரைக் கொன்றவர்களின் தலைவர்களுள் ஒருவர்), தம் வீரர்களுக்கு ஊதியம் வழங்கப் படையுடனேயே நகர்ந்த அச்சுக்கூடத்தில் இதை அடித்தார். முகப்பில் உள்ள முகமும் பெயரும் அவருடையவையே. உயிரோடு இருக்கும்போதே தம் முகத்தைக் காசில் பொறிக்கச் செய்த சீசரை அரசராக முயல்பவர் என்று எதிர்த்த அணியின் தலைவரே அதே வழக்கத்தைப் பின்பற்றினார் என்பதுதான் இந்நாணயத்தின் மிக முக்கியமான செய்தி. முகத்தைச் சீசருடையது என்று எழுதினால் அது முழுவதும் மறைந்துவிடுகிறது.

நடுவில் இருப்பது விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் தொப்பி. சர்வாதிகாரியிடமிருந்து ரோம் விடுவிக்கப்பட்டது என்பதை அது குறிக்கிறது. விடுதலைக்கான கருவிகளாகவே வாள்கள் இருபுறமும் நிற்கின்றன. கீழே கொலை நடந்த நாளின் பெயர் சுருக்கமாகப் பொறிக்கப்பட்டுள்ளது. பிற்கால வரலாற்றாசிரியர் காசியஸ் தியோவும் புரூட்டஸ் தம் உருவத்தையும் தொப்பியையும் இரு குத்துவாள்களையும் காசில் பொறித்ததாகத் தெளிவாகவே எழுதுகிறார். இவ்வகையில் எஞ்சியுள்ளவற்றுள் பெரும்பாலானவை வெள்ளிக்காசுகள்; பொன்னில் கிடைத்தவை மிகச் சிலவே.