அந்தக் கூரைப் படத்தைப் பகிர்ந்தவர்களுக்கு

நேற்றிலிருந்து அந்தப் படத்தை எனக்கு அனுப்பியவர்களை எண்ணுவதையே விட்டுவிட்டேன். எந்தப் படம் என்று சொல்லத் தேவையில்லை. புயல் போன மறுநாள் எடுத்தது. கூரை மூலையில் பிய்ந்து தொங்கும் இரண்டு பேனல்கள், கீழே திண்ணையில் ஒரு மெழுகுவர்த்தி. "சோலார் போட்ட வீட்டின் நிலைமை" என்று ஒரு வரி. அதன் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் தீவில் சோலார் தோற்கவில்லை. தீவு என்பதை நினைக்காமல் மாட்டிய சோலார்தான் தோற்றது. இரண்டும் வேறு.

"மறுநாள் வெயில் கொளுத்தியதே, அப்போதும் ஏன் மின்விசிறி சுற்றவில்லை?" என்று கேட்டிருந்தீர்கள். பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டிதான் இன்வெர்ட்டர். பேட்டரி இல்லாமல் கிரிட்டோடு, அதாவது தெருவில் வரும் மின்கம்பியோடு, மட்டும் இணைத்த இன்வெர்ட்டர், கிரிட் போனால் தானும் நின்றுவிடும். அப்படித்தான் அதை வடிவமைக்கிறார்கள். தெருவில் அறுந்த கம்பியை முடிந்துகொண்டிருக்கும் லைன்மேன் மீது உங்கள் வீட்டுக் கூரையிலிருந்து மின்சாரம் பாயக்கூடாது. ஆக, அந்த வீட்டு இன்வெர்ட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. இதை விற்கும்போது யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை.

என் முதல் சிஸ்டமும் அதே வகைதான். முதல் வருடமே ஒரு மத்தியானம் கரண்ட் போனது. உச்சி வெயில், மேலே பேனல்கள் தகதகவென்று மின்னுகின்றன, உள்ளே அம்மா மூச்சு மருந்து தரும் நெபுலைசரைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறுகிறார். மாட்டிக் கொடுத்தவரைக் கூப்பிட்டேன். "அது அப்படித்தான் சார், கரண்ட் வந்ததும் வந்துவிடும்" என்றார். அந்த நெபுலைசர் ஒரு மின்விசிறியைவிடக் கொஞ்சம் அதிகம் இழுக்கும், அவ்வளவுதான். அன்று அதற்குக்கூட என் கூரை உதவவில்லை. அதற்குப் பிறகுதான் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் 10 யூனிட் மின்சாரம் சேமிக்கும் லித்தியம் பேட்டரியும் வாங்கினேன். கரண்ட் போனால் அந்த இன்வெர்ட்டர் தெருவோடு உள்ள இணைப்பைத் துண்டித்துவிட்டு வீட்டை மட்டும் ஓட்டும்.

அடுத்தது பிய்ந்து தொங்கும் பேனல்கள். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அவை கூரையின் மூலையில் இருக்கின்றன. காற்றின் தூக்கும் விசை ஓரங்களிலும் மூலைகளிலும்தான் மிக அதிகம். அங்கே விளிம்பு வரை பேனலைக் கொண்டுபோய், ஓரத்தைக் கவ்வும் கிளாம்ப் வைத்துப் பிடித்திருக்கிறார்கள். பேனலின் சட்டத்தையே போல்ட் போட்டு முறுக்கியிருந்தால், ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தால் தாங்கியிருக்கும் வாய்ப்பு அதிகம். 2017இல் மரியா புயல் கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவைப் புரட்டியபோது அங்கே உமக்காவோ ஊரில் பெரிய சோலார் பண்ணை ஒன்று சிதைந்தது. அதே புயலில், அதே தீவில், சான் ஹுவானில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைக் கூரையிலிருந்த பேனல்கள் தப்பின. மாட்டிய விதம்தான் பெரிய வித்தியாசம். அதற்குப் பிறகு அந்தத் தீவு மக்கள் சோலாரை வெறுக்கவில்லை. மாதக்கணக்கில் இருட்டில் கிடந்த அனுபவத்தில் பேட்டரியோடு சேர்த்துப் போட ஆரம்பித்தார்கள்.

அப்புறம் உப்பு. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஜன்னல் கொண்டியைத் தொட்டாலே கையில் துரு ஒட்டும். என் முதல் சிஸ்டத்தில் சாதாரண துத்தநாகப் பூச்சு போல்ட்தான் போட்டிருந்தார்கள். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் ஒவ்வொரு போல்ட்டிலிருந்தும் தேநீர் நிறத்தில் ஒரு கோடு கூரையில் வழிந்திருந்தது. பேனலிலிருந்து வரும் மின்சாரத்தை நிறுத்தும் டிசி சுவிட்ச் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஈர வாடை, செம்புக் கம்பியின் முனையில் பச்சைப் பொடி, ஓரமாக ஒரு செத்த பல்லி. கேபிள் நுழையும் ஓட்டையை அடைக்காமல் விட்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. அந்தப் பெட்டிக்கு அடுத்த சுவரில்தான் அம்மாவின் கட்டில்.

316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் கேட்டு வாங்குங்கள், 304 ரகம் கடலோரத்துக்குப் போதாது. அலுமினியச் சட்டத்தோடு அது நேராக ஒட்டும் இடத்தில் இரண்டு உலோகமும் தொடாதபடி தடுப்பு வாஷர் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். பேனல் உப்புக்காற்றுச் சோதனையில், அதாவது ஐ.இ.சி. 61701 என்ற சர்வதேசத் தரத்தில், தேறியதா என்று கேளுங்கள். பேட்டரியை நிழலில், காற்றோட்டமான இடத்தில், வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். இதையெல்லாம் கேட்டால் முகம் சுளிக்கும் ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

"மழைக்காலத்தில் என்ன செய்வாய்?" என்று கேட்பவர்களுக்கு: குறையும், உண்மைதான். கனத்த மேகம் மூடிய நாளில் என் பேனல்கள் தருவது, நல்ல நாளில் தருவதில் கால்வாசிகூட இருக்காது. ஆனால் கொளுத்தும் வெயிலும் வரம் இல்லை. பேனலின் திறன் 25 டிகிரி சூட்டில் அளந்து சொல்லப்படுவது. கூரை மேல் அது 60 டிகிரியைத் தாண்டும்போது அந்தத் திறனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். அதனால்தான் அடியில் காற்று போக இடைவெளி விடச் சொல்கிறார்கள். இந்தக் கணக்கெல்லாம் தெரிந்துதான் போட்டேன். ஏ.சி.யை மறந்துவிட்டு ஃபிரிட்ஜ், இரண்டு மின்விசிறி, விளக்குகள், நெபுலைசர் என்று ஓட்டினால் 10 யூனிட் இரண்டு நாள் தாங்கும். இடையில் கொஞ்சம் வெளிச்சம் வந்தால் மூன்றாவது நாளும் போகும்.

"பணம் இருப்பவன் பேச்சு" என்கிறீர்கள். ஆமாம், விலை அதிகம்தான். நானும் நகையை வைத்துத்தான் போட்டேன். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

"ஜெனரேட்டர் போதுமே" என்பவர்களிடம்தான் எனக்குப் பொறுமை போகிறது. தீவுக்கு டீசல் கப்பலில் வருகிறது. கடல் கொந்தளித்தால் கப்பல் வராது. பசிபிக் கடலில் உள்ள அமெரிக்க சமோவாவின் தாவு தீவு முழுக்க டீசலை நம்பித்தான் இருந்தது. 2016இல் 1.4 மெகாவாட் சோலாரும் 60 பெரிய பேட்டரிகளும் வைத்து, மூன்று நாள் வெயில் இல்லாவிட்டாலும் தீவே ஓடும்படி செய்தார்கள். ஒரு தீவுக்கே முடிந்தது ஒரு வீட்டுக்கு முடியாதா?

இதை எழுத நினைக்கவில்லை, ஆனால் மனசு ஆறவில்லை. புயலுக்கு அடுத்த இரவு என் வீட்டுத் திண்ணையில் பதினோரு பேர் போன் சார்ஜ் செய்தார்கள். ஒரு குழந்தையின் பால் என் ஃபிரிட்ஜில் இருந்தது. அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்களில் இரண்டு பேர் அந்தப் பதினோரு பேரில் இருந்தவர்கள். நீங்கள் சிரித்தது என்னைப் பார்த்து அல்ல என்று சொல்லலாம். அது யார் வீடு என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த வீட்டு அக்கா தனியாள். ஓய்வுப் பணத்தைப் போட்டு அதை மாட்டினார். கிளாம்ப், போல்ட், இன்வெர்ட்டர் எதுவும் அவர் தேர்ந்தெடுத்ததில்லை. தெரிந்தவர் என்று நம்பிக் கொடுத்தார். நேற்று ராத்திரி என்னைக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் கழற்றி வித்துடட்டுமா தம்பி?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சனிக்கிழமை கூரையேறிப் பார்க்கப் போகிறேன். மீதிப் பேனல்கள் நன்றாக இருந்தால் இன்வெர்ட்டரை மட்டும் மாற்றி, சின்னதாக ஒரு பேட்டரி வைக்கலாம். கூட வருபவர்கள் ஸ்பேனர் செட் எடுத்து வாருங்கள்.

அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். அக்காவும் முகநூலில் இருக்கிறார்.