மூடிய சுரங்கத்துக்குப் பூட்டு மட்டுமா போட்டிருக்கிறார்கள்?

2025 ஜூனில் தெற்கு வேல்ஸின் போர்ட் டால்பட் நகரில் பேசிய பிரிட்டனின் ரிஃபார்ம் கட்சித் தலைவர் நைஜல் ஃபராஜ், அங்கே இரும்பு உருக்கும் ஊதுலைகளை மீண்டும் எழுப்ப வேண்டும் என்றும், அவற்றுக்காக வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கங்களைத் திறக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்த ஆலையின் கடைசி ஊதுலை அணைந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. அவருக்கு மறுப்பாக வந்தவற்றில் ஒரு பகுதி கரியமில வாயுவைப் பற்றியும் பருவநிலையைப் பற்றியும் இருந்தது. அந்த மறுப்பில் தவறு இல்லை. ஆனால் வேலை போன ஊரில் நின்று ஒருவர் வேலையைப் பற்றிப் பேசும்போது, அவருக்கு உலக வெப்பநிலைக் கணக்கைப் பதிலாகக் கொடுப்பது, பேச்சை அவர் கையிலேயே விட்டுவிடுவதாகும். அவரிடம் முதலில் கேட்க வேண்டியது வேறு. எந்தச் சுரங்கத்தைத் திறப்பதாகச் சொல்கிறீர்கள்? அது இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

மூடிய சுரங்கம் என்றதும், உள்ளே எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும், கதவைத் திறந்து விளக்கைப் போட்டால் வேலையைத் தொடங்கிவிடலாம் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. ஆழ்சுரங்கம் ஒன்று உயிரோடு இருப்பதே இரவு பகலாக ஓடும் பம்புகளாலும் காற்றை உள்ளே தள்ளும் விசிறிகளாலும்தான். பம்பு நின்ற நாளிலிருந்து நிலத்தடி நீர் மெல்ல ஏறத் தொடங்குகிறது. கூரையைத் தாங்க விட்டுவைத்த நிலக்கரித் தூண்கள் நீரில் ஊறி உதிர்கின்றன. முட்டுக்கொடுத்த மரம் அழுகுகிறது, இரும்பு துருப்பிடிக்கிறது. கூரை சரிந்த இடங்களில் பாதையே இல்லாமல் போகிறது. நிலக்கரியோடு கலந்திருக்கும் பைரைட் என்ற கனிமம் காற்றும் நீரும் பட்டுச் சிதைவதால், அந்த நீர் அமிலமாகி இரும்பைக் கரைத்துக்கொண்டு மேலே வந்து, ஓடைகளில் செங்காவிச் சேறாகப் படிகிறது. இதைத் தடுக்க மட்டுமே பிரிட்டன் அரசு 80-க்கும் மேற்பட்ட சுத்திகரிப்பு அமைப்புகளை இன்றும் நடத்தி வருகிறது. பல பத்தாண்டுகள் இப்படிக் கிடந்த ஒன்றைத் திறப்பது என்பது பெயரளவில்தான் திறப்பு; உண்மையில் அது, நீர் நிரம்பிய பழைய பள்ளங்களுக்கு நடுவே புதிதாக ஒரு சுரங்கம் தோண்டும் வேலை.

அந்த வேலையின் ஆபத்து கற்பனையன்று. 2011 செப்டம்பரில் வேல்ஸின் க்ளீஷன் என்ற சிறிய சுரங்கத்தில் வெடி வைத்தபோது, அடுத்திருந்த பழைய சுரங்கப் பகுதியில் தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு வந்து 4 பேரைக் கொன்றது. 2002-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குவெக்ரீக் சுரங்கத்தின் தொழிலாளர்கள், கைவிடப்பட்ட பக்கத்துச் சுரங்கத்தின் சரியான இறுதி வரைபடம் கையில் இல்லாததால் அதன் சுவரை உடைத்துவிட்டார்கள். உள்ளே சிக்கிய 9 பேரும் மூன்று நாட்களுக்கும் மேலான போராட்டத்துக்குப் பிறகு உயிரோடு மீட்கப்பட்டது பெரும்பேறு. தன்பாத் அருகே சாஸ்னாலாவில் 1975 டிசம்பர் 27 அன்று அந்தப் பேறு வாய்க்கவில்லை. மேலே தேங்கியிருந்த நீர் உள்ளே பாய்ந்து 370-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பிரிட்டனில் கைவிடப்படும் சுரங்கங்களின் வரைபடத்தை ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டமே 1872-இல்தான் வந்தது. அதற்கு முன் தோண்டியவற்றுக்குப் பல இடங்களில் ஏடும் இல்லை, அடையாளமும் இல்லை.

மூடிய சுரங்கத்தைத் திறந்து வெற்றிகரமாக நடத்தியவர்களே இல்லையா என்று கேட்பவர்களுக்கு நேர்மையான பதில் ஒன்று உண்டு. இருக்கிறார்கள், அதுவும் அதே தெற்கு வேல்ஸில். 1994 ஏப்ரலில் லாபமில்லை என்று சொல்லி அரசு நிறுவனம் டவர் சுரங்கத்தை மூடியது. டைரோன் ஓ'சல்லிவன் தலைமையில் 239 தொழிலாளர்கள், தங்களுக்குக் கிடைத்த பணிநீக்கத் தொகையிலிருந்து ஆளுக்கு 8,000 பவுண்டு போட்டு அதை வாங்கினார்கள். 1995 ஜனவரியில் திறந்த அந்தச் சுரங்கத்தைத் தாங்களே முதலாளிகளாக இருந்து 2008 ஜனவரி வரை நடத்தினார்கள். லாபமில்லை என்று கணக்குக் காட்டியவர்களுக்கு இதைவிடச் சரியான பதில் இருக்க முடியாது என்பதே என் எண்ணம். ஆனால் அது எப்படி முடிந்தது என்று பார்க்க வேண்டும். மூடியதற்கும் திறந்ததற்கும் இடையே ஓராண்டுகூட ஆகவில்லை, குழி மூழ்கியிருக்கவில்லை, எந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதை அங்கேயே வேலை பார்த்துத் தெரிந்துகொண்டவர்களே மீண்டும் உள்ளே இறங்கினார்கள். கடைசியில் எடுக்க வேண்டிய நிலக்கரியை எடுத்து முடித்த பிறகுதான் மூடினார்கள். திறக்கச் சொல்பவர்கள் டவரை உதாரணம் காட்டும்போது இவற்றில் எதையும் சொல்வதில்லை. 1985-க்குப் பிறகு அடுத்தடுத்து மூடப்பட்ட குழிகளில் இறங்கியவர்கள் இன்று முதியவர்கள். அவர்களில் பலர் நெஞ்சில் நிலக்கரித் தூசியைச் சுமந்துகொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

எடுக்கும் நிலக்கரியை யார் வாங்குவார்கள் என்பதை நீட்டிப் பேசத் தேவையில்லை. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று நின்றது. இங்கிலாந்தின் கம்ப்ரியா பகுதியிலுள்ள வைட்ஹேவனில் இரும்பாலைக்கான கோக் நிலக்கரி என்று சொல்லி 2022-இல் அனுமதி பெற்ற புதிய சுரங்கத்தின் சரக்கிலும் பெரும்பகுதி ஏற்றுமதிக்கென்றே திட்டமிடப்பட்டிருந்தது. அந்த அனுமதியை உயர் நீதிமன்றம் 2024-இல் ரத்து செய்தது. சுமார் 500 வேலைகள் என்ற வாக்குறுதி அந்த ஊருக்குச் சிறிதன்று என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதே வைட்ஹேவனில், இந்தியா விடுதலை பெற்ற 1947 ஆகஸ்ட் 15 அன்று, வில்லியம் சுரங்கத்தில் ஏற்பட்ட வெடிப்பில் 104 பேர் இறந்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அப்படியானால் அந்த ஊர்களுக்கு என்னதான் வழி? முதலில், உழைத்தவர்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுப்பது. சுரங்கத் தொழிலாளர் ஓய்வூதிய நிதியிலிருந்து ஒதுக்கி வைத்திருந்த 150 கோடி பவுண்டு, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 2024-இல்தான் திரும்பியது. இவ்வளவு தாமதத்துக்கு எந்தக் கட்சியும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. அடுத்தது, சுரங்கத்தை மூழ்கடித்த அதே நீர். நிலத்தின் சூட்டால் அது ஆண்டு முழுவதும் ஒரே வெதுவெதுப்பில் இருக்கிறது. வடகிழக்கு இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் 2023 முதல் அந்த நீரை மேலே இறைத்து, வெப்பப் பம்பு வழியாகச் சூட்டைப் பிரித்தெடுத்துக் கட்டடங்களுக்குக் கொடுக்கிறார்கள். நெதர்லாந்தின் ஹேர்லன் நகரம் 2008-இலேயே இதைத் தொடங்கிவிட்டது. பிரிட்டனின் வீடுகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பழைய நிலக்கரிப் பகுதிகளின் மேல்தான் நிற்கிறது. குழாய் பதிக்கவும் பம்புகளைப் பராமரிக்கவும் ஆட்கள் வேண்டும். சுரங்கம் அன்று கொடுத்த அளவுக்கு வேலைகளை இது கொடுக்காது என்பது உண்மைதான். ஆனால் இன்று திறக்கும் சுரங்கமும் அன்றைய அளவுக்குக் கொடுக்கப் போவதில்லை.

இத்தனைக்கும் பிறகும் திறந்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு, மெர்தர் டிட்வில் அருகிலுள்ள ஃபோஸ்-ஒய்-ஃப்ரானைக் காட்டுவேன். பழைய சுரங்கங்களால் பாழான நிலத்தைச் சீரமைக்கும் திட்டம் என்ற பெயரில் 2007-இல் தொடங்கிய திறந்தவெளிச் சுரங்கம் அது. அனுமதி 2022 செப்டம்பரில் முடிந்த பிறகும் அங்கே 2023 நவம்பர் வரை நிலக்கரி எடுத்தார்கள். சீரமைப்புக்கென ஒதுக்கிய 1.5 கோடி பவுண்டு, ஆகக்கூடிய செலவின் பக்கத்தில்கூட வரவில்லை. தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கியது. ஆகவே திறப்பு அனுமதி கேட்டு வரும் எவரிடமும், பம்பு ஓட்டும் செலவையும் நிலத்தைப் பழையபடி நிரப்பும் செலவையும், முதல் வண்டி நிலக்கரி வெளியே வருவதற்கு முன்பே முழுத் தொகையாக அரசிடம் கட்டச் சொல்ல வேண்டும்.