அந்தப் பொண்ணு சீன் போடல

சும்மா விட்டுடலாம்னுதான் இருந்தேன். மகளிர் டாக்டர்கிட்ட முதல் தடவை போய் அழுதுட்டு ஓடி வந்த பொண்ணைப் பத்தின அந்த வாய்ஸ் நோட், நேத்து ராத்திரி இன்னொரு வாட்ஸ்ஆப் குழுவுலயும் வந்து விழுந்ததும் முடியல. "டாக்டரம்மா இன்னும் தொடக்கூட இல்லயாம், அதுக்குள்ள அழுதுகினு எந்திரிச்சு ஓடியாந்துச்சாம். இன்னாத்துக்கு இம்மாம் சீனு? நாங்கல்லாம் புள்ள பெத்துக்கல?" அதுக்குக் கீழ சிரிக்கிற பொம்மைங்க வரிசையா. எந்தப் பொண்ணு, எந்த கிளினிக்னு தண்டையார்பேட்டைக்காரங்க பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவங்க கமெண்ட்ல கேக்க வேணாம்.

எனக்கு ஒரே கேள்விதான். அந்த 19 வயசுப் பொண்ணுகிட்ட, உள்ள போனா என்ன நடக்கும்னு யாராவது சொன்னீங்களா? வயித்து வலிக்கு மாத்திரை எழுதி வாங்கிட்டு வந்துடலாம்னு ஆட்டோவுல ஏத்தினீங்க. அங்க போனதும் "பேன்ட்டைக் கழட்டிட்டுப் படும்மா"ன்னாங்க. எந்திரிச்சு ஓடாம என்ன பண்ணுவா? அவ சீன் போடல. அவகிட்ட யாரும் எதுவும் சொல்லல.

"சொன்னா பயந்துடுவா, வரவே மாட்டா"ன்னு ஒரு பதில் வரும். வந்தாச்சு, இன்பாக்ஸ்ல மூணு பேர். சரி, என்ன சொல்லணும்னு பாப்போம், அதுல பயப்பட என்ன இருக்குன்னு நீங்களே சொல்லுங்க. எடை பாப்பாங்க, பிரஷர் பாப்பாங்க. உக்கார வெச்சுக் கேள்வி கேப்பாங்க, முதல் தடவையில முக்கால்வாசி நேரம் அதுக்கே போயிடும். அப்புறம் படுக்க வெச்சு அடிவயித்தை அமுக்கிப் பாப்பாங்க. அரிப்பு, புண்ணு, வெள்ளைப்படுறதுன்னு ஏதாவது இருந்தா வெளிப்பக்கம் மட்டும் பாப்பாங்க. உடலுறவு பழக்கமே இல்லாத பொண்ணுக்கு வாத்து அலகு மாதிரி இருக்கிற, உள்ள விட்டுப் பாக்குற ஸ்பெக்குலம்ங்கிற கருவியை வைக்கிறது பொதுவா தேவையே இல்ல. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையும் இந்த வயசுக்கு இல்ல, நம்ம அரசுத் திட்டத்துல அது 30 வயசுலதான் ஆரம்பிக்குது. இதுக்கு மேல எது செய்யறதா இருந்தாலும் எதுக்குன்னு கேக்கலாம், வேணாம்னு சொல்லலாம், பாதியில நிறுத்தச் சொல்லலாம். 18 முடிஞ்சவளுக்கு அவ சம்மதம்தான் சம்மதம், அம்மா தலையாட்டுறது கணக்குல வராது. பாக்குறது ஆண் டாக்டர்னா நர்ஸ் அக்கா கூட நிக்கணும்னு கேக்குறது மரியாதைக்குறைவு இல்ல. இதை முந்தின நாள் ராத்திரி சாப்பிடும்போது சொல்லியிருந்தா பத்து நிமிஷம் ஆகியிருக்குமா?

அதைச் சொல்லல. ஆனா என்ன பண்ணாங்கன்னா, வாசனை சோப்பு போட்டு உள்ளயெல்லாம் கழுவிட்டுப் போகச் சொன்னாங்க, ஷேவ் பண்ணச் சொன்னாங்க. ரெண்டுமே வேண்டாத வேலை. கழுவினா எதைப் பார்க்கணுமோ அதுவே போயிடும். ஷேவ் பண்ணா ரேசர் கீறல் எரியும். எப்பவும் குளிக்கிற மாதிரி குளிச்சா போதும். துணி மட்டும் யோசிச்சுப் போடணும். மேல தனி, கீழ தனியா இருக்கணும். நீளமான டாப்ஸ்னா கீழ கழட்டினாலும் தொடை வரைக்கும் மறைச்சு நிக்கும். நாடா வெச்ச பேன்ட் சட்டுனு அவுக்கலாம். ஒரே துணியா தைச்ச கவுன் போட்டுப் போனா வயித்தைக் காட்ட முழுசும் தூக்கணும், அழுகை அங்கேயே ஆரம்பிச்சுடும்.

டாக்டர் முதல்ல கேக்குறது கடைசியா எப்ப வந்ததுன்னு. ரத்தம் பட்ட முதல் நாள்தான் கணக்கு, நின்ன நாள் கிடையாது. பொண்ணு அம்மாவைப் பாக்கும், அம்மா மேல பாத்துக்கிட்டு "அமாவாசைக்கு முன்னால"ம்பாங்க. ஆறு மாசத் தேதியை போன்ல குறிச்சு எடுத்துட்டுப் போங்க. எத்தனை நாள் படுது, அதிகமா இருக்கிற நாள்ல எத்தனை பேடு, பேடு முழுசா நனையுதா, கட்டி விழுதா, பத்து ரூபாய் காயினை விடப் பெருசா இருக்கா, எல்லாமே வேணும். வலின்னா ஸ்கூல், காலேஜ் போக முடியாம எத்தனை நாள் படுத்தான்னு சொல்லுங்க. "ரொம்ப வலி"ன்னு மட்டும் சொன்னா டாக்டரால அளக்க முடியாது.

அப்புறம் அந்த நாள் தள்ளிப்போடுற மாத்திரை. ஆடி மாசம் கூழ் ஊத்துறதுக்கு ஒண்ணு, மாமா பொண்ணு கல்யாணத்துக்கு ஒண்ணுன்னு மெடிக்கல்ல சீட்டு இல்லாம வாங்கிக் குடுக்குறீங்களே, அதேதான். அதை நிறுத்தினதும் ரெண்டு மூணு நாள்ல ரத்தம் வரும். காசிமேட்டுல ஒரு வீட்டுல அதைச் சொல்லாம மறைச்சதால, மாசத்துக்கு ரெண்டு தடவை வருதுன்னு நெனச்சு தைராய்டுல இருந்து எல்லா டெஸ்ட்டும் எடுத்தாங்க. காசு போனது போகட்டும், அந்தப் பொண்ணு கையில குத்தினதாவது மிச்சமாகியிருக்கும். வலிப்பு மாத்திரை, மனநல மாத்திரை, சித்த மருந்து எது சாப்பிட்டாலும் அட்டையோட எடுத்துட்டுப் போங்க.

ஸ்கேனுக்கு வருவோம். கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு பொதுவா வயித்து மேல ஜெல் தடவித்தான் எடுப்பாங்க, உள்ள வெச்சு இல்ல. இதை ஒரு வரி சொல்லியிருந்தா பாதிப் பயம் போயிருக்கும். மேல எடுக்க மூத்திரப் பை நிரம்பி இருக்கணும். அது நிரம்பினாத்தான் குடல் ஒதுங்கி கர்ப்பப்பையும் சினைப்பையும் தெளிவாத் தெரியும். முக்கால் லிட்டர்ல இருந்து ஒரு லிட்டர் தண்ணி, ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்னால. எங்க கோளாறு ஆகுதுன்னா, வீட்டுலயே குடிச்சுட்டுக் கிளம்புறாங்க. கல்மண்டபம் டிராஃபிக்ல மாட்டி, அங்க போனா இன்னும் இருபது டோக்கன் முன்னால. பொண்ணு அடக்க முடியாம போயிட்டு வந்துடும், திரும்ப முதல்ல இருந்து. டோக்கன் போட்டு, நம்ம முறை எப்பன்னு கேட்டுட்டு அப்புறம் குடிக்கக் குடுங்க. ரத்த டெஸ்ட்டுன்னா வெறும் வயித்துல வரணுமான்னு முன்னாடியே கேளுங்க. ஹீமோகுளோபின், தைராய்டுக்கெல்லாம் பட்டினி வேணாம். வெறும் வயித்து சுகர் மாதிரி சிலதுக்குத்தான் வேணும். காலையில ஒண்ணும் சாப்பிடாம கூட்டிட்டு வந்து வராண்டாவுல மயங்கி விழ வெக்காதீங்க.

இப்ப அம்மாங்களுக்குக் கோவம் வரப் போற இடம். அஞ்சு நிமிஷம் வெளிய போங்க. டாக்டரே சொல்லலேன்னாலும் நீங்களா எந்திரிச்சுப் போங்க. கல்யாணம் ஆயிடுச்சான்னு டாக்டர் கேக்கும்போது அவங்களுக்குத் தெரிய வேண்டியது உடலுறவு உண்டா இல்லையான்னுதான். நீங்க பக்கத்துல உக்காந்து முறைச்சா அவ என்ன சொல்லுவா? "இல்ல"ம்பா. நாள் தள்ளிப்போன பொண்ணுக்கு முதல்ல பாக்க வேண்டியது கர்ப்பமான்னு தெரிய யூரின் டெஸ்ட். உங்களுக்குப் பயந்து அவ சொல்ற ஒரு பொய்யில அது தள்ளிப்போச்சுன்னா, கர்ப்பக்குழாய்ல கரு தங்கி வெடிக்கிற நிலைமை வரைக்கும் போகலாம். என் பொண்ணு அப்படி இல்லம்பீங்க. இருக்கட்டுமே, அப்ப வெளிய போக என்ன பயம்? 18 வயசுக்குக் கீழ இருக்கிறவளுக்கு உடலுறவு இருந்துச்சுன்னா போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டி வரலாம், அதுவும் தெரிஞ்சிருக்கட்டும்.

அப்படியே இன்னொண்ணும் சொல்லிடறேன், ஏன்னா நேத்து குழுவுல ஒரு பெரிய மனுஷி "டாக்டர் பாத்தா எல்லாம் தெரிஞ்சிடும்னுதான் ஓடிட்டா போல"ன்னு போட்டிருந்தாங்க. என்னம்மா தெரிஞ்சிடும்? கன்னித்திரையில ஏற்கனவே துவாரம் இருக்கு, இல்லேன்னா மாசாமாசம் ரத்தம் எந்த வழியா வரும்? அதைப் பாத்து ஒருத்தி உறவு வெச்சிருக்காளா இல்லையான்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பொண்ணுங்களுக்கு, உறவு பழக்கம் உண்டான்னு பாக்கச் செஞ்ச ரெண்டு விரல் பரிசோதனையையே கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2022ல திட்டவட்டமாச் சொல்லிடுச்சு. நீங்க வாட்ஸ்ஆப்ல உக்காந்து அந்தப் பரிசோதனையைப் பண்றீங்க.

"கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு அங்க என்ன வேலை?" 15 வயசு முடிஞ்சும் வயசுக்கு வரலேன்னா வேலை இருக்கு. வந்து மூணு வருஷத்துக்கு மேல ஆகியும் 35 நாளைத் தாண்டித் தாண்டி வந்தாலோ, 21 நாளைக்குள்ள வந்தாலோ, எட்டு நாள் நிக்காம போனாலோ வேலை இருக்கு. மணிக்கு ஒரு பேடு நனைஞ்சாலும், அடிவயித்துல ஒரு பக்கம் திடீர்னு வலி பிடுங்கி வாந்தி வந்தாலும் அன்னிக்கே எமர்ஜென்சிக்குப் போகணும், எள்ளுருண்டை பிடிச்சுக் குடுத்துட்டு உக்காரக் கூடாது.

"அரசு ஆஸ்பத்திரிக் கூட்டத்துல இதெல்லாம் பேச எங்கம்மா நேரம்?" இது ஞாயமான கேள்வி. ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் அரசு மகப்பேறு ஆஸ்பத்திரி ஓ.பி.யில நிக்கிற கூட்டத்துல அரை மணி நேரம் யாராலயும் குடுக்க முடியாது. அதுக்குத்தான் தேதியும் பேடு கணக்கும் எழுதிட்டுப் போகச் சொல்றேன். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடுங்க.

ஸ்கேன் ரிப்போர்ட்ல பிசிஓடின்னு, அதாவது சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சனைன்னு, ஒரு வார்த்தை வந்ததும் "குழந்தை பொறக்காதாம்"னு அழ ஆரம்பிக்கிறவங்களும் இதே ஆளுங்கதான். வயசுக்கு வந்து எட்டு வருஷம் ஆகாத பொண்ணுக்கு ஸ்கேன்ல நீர்க்கட்டி தெரியறதை மட்டும் வெச்சு அதை முடிவு பண்ணக் கூடாது. அந்த வயசுல நல்லா இருக்கிற பொண்ணுக்கே அப்படித் தெரியும். டாக்டர் சொல்ற வரைக்கும் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து சித்திக்கும் பெரியம்மாவுக்கும் அனுப்பாதீங்க.

அந்தப் பொண்ணோட அம்மா இதைப் படிப்பாங்கன்னு தெரியும். அக்கா, அவளுக்கு இன்னும் வலி இருக்கு, திரும்பப் போய்த்தான் ஆகணும். அந்த கிளினிக் வேணாம்னா வேற பாருங்க. முந்தின நாளே எல்லாத்தையும் சொல்லிடுங்க. கூட யார் வரணும்னு அவளையே கேளுங்க. அத்தை வரட்டும்னு சொன்னா அத்தை போகட்டும், நீங்க அன்னிக்கு வேலைக்குப் போங்க.