அருகில் வரும் கரடிக்கு வேகமான தோட்டா போதாது

‘எடை குறைந்த அதிவேகத் தோட்டாவே அலாஸ்காப் பழுப்புக் கரடியைக் கிட்டத்தில் உடனே வீழ்த்தும்’ என்று பரவும் கூற்று தவறு. நம்புபவரின் உயிருக்கே ஆபத்து.

கிட்டத்தில்தான் தோட்டாவின் வேகம் உச்சத்தில் இருக்கும். மான் வேட்டைக்கான, ஈயத்தின்மேல் மெல்லிய உலோக உறை கொண்ட தோட்டா அந்த வேகத்தில் தோள் எலும்பில் மோதினால் சிதறிவிடும். நுரையீரலையும் இதயத்தையும் எட்டாது. தோட்டாப் பெட்டியில் அச்சிட்ட ஆற்றல் எண் இதைச் சொல்லாது. எவ்வளவு ஆழம் துளைக்கிறது என்பதே கேள்வி.

அமெரிக்க வனத்துறை இதை 15 கெஜத்தில் சோதித்து 1983இல் வெளியிட்டது. .30-06 என்ற பரவலான வேட்டைத் துப்பாக்கியில்கூட 220 கிரெய்ன் (சுமார் 14 கிராம்) எடையுள்ள தோட்டா நன்றாகத் துளைத்தது. அதைவிடப் பெரிய .375 எச் அண்டு எச் வகைத் துப்பாக்கி என்றால் 300 கிரெய்ன் தோட்டா. உறையும் ஈயமும் பிரியாமல் பிணைந்த தோட்டாவையோ முழுச் செம்புத் தோட்டாவையோ தேர்ந்தெடுங்கள். ஆனால், சுடும்போது தோளில் விழும் உதைப்புக்கு அஞ்சிக் குறிதவறவைக்கும் பெரிய துப்பாக்கி வேண்டாம்.